முன்னோரைத் தேட வில்லங்கம் போடுவது: பதிவுத்துறைச் சேவை டெல்டாக் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கைமாற்றங்களையும் கடன்களையும் தேடிப் பார்ப்பது, நிலம் வாங்குபவரும் வங்கிக் கடன் கேட்பவரும் செய்கிற வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வேர் உள்ள ஒரு குடும்பம் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், முதலில் போய் நிற்க வேண்டிய இடமும் அதுவே. பழைய பிறப்புப் பதிவேடுகளில் பல குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது. தந்தை பெயரும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற சொல்லும் மட்டும் இருக்கும். சுவரில் ஒரு படம் தொங்கினால் உண்டு. ஆனால் அரை மா நிலமாவது வாங்கியிருப்பார், அதை ஒரு பஞ்ச காலத்தில் ஒத்திக்கு வைத்திருப்பார், தம்பியோடு பாகம் பிரித்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவை எழுத்தில் இருக்கின்றன.

இந்த விமர்சனம் தமிழ்நாடு பதிவுத்துறையின் இரண்டு சேவைகளைப் பற்றியது. ஒன்று, ‘டிஎன்ரெஜிநெட்’ இணையதளத்தில் இலவசமாக வில்லங்க விவரம் பார்ப்பது. மற்றொன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பழைய பதிவேடுகளில் தேடி, பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குவது. இரண்டையும் சொத்துச் சரிபார்ப்புக்காக அல்லாமல், குடும்ப வரலாற்றுக்காக மட்டும் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இணையதளம் நல்ல தொடக்கம், ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் இருப்பது பெயரும் எண்ணும்தான். மனிதர் இருப்பது பத்திர நகலில். அந்த நகலுக்குச் செலவழிக்கிற பணத்துக்கு ஈடாக டெல்டாவில் வேறெந்தச் சேவையும் இவ்வளவு தருவதில்லை.

தேடப் போகும் முன்

வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியும், வாங்கியவர் பெயரும் ஊரும் இருக்கும். பதிவு அலுவலக முத்திரையில் ‘1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இந்தப் பக்கங்கள், இந்த எண், இந்த வருஷம்’ என்று இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் தேடுதலே தேவையில்லை. அந்தத் தாளை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பழைய மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மடிப்பை விரித்துத் தட்டையாக வைத்தால் போதும்.

பத்திரம் இல்லையென்றால் சர்வே எண் வேண்டும். நிலம் இப்போது யாரிடம் இருந்தாலும் பரவாயில்லை. தீர்வை ரசீது, இன்றைய பட்டா, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு எதில் இருந்தாவது எண்ணை எடுக்கலாம். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் பார்க்க முடியும்.

இங்கே டெல்டாவுக்கே உரிய முதல் சிக்கல் வருகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூடிஆர் என்று சொல்வதில், பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறின, சில இடங்களில் எண்களே மாறின. இன்றைய பட்டாவில் 112/3ஏ2 என்று இருப்பது 1950-இல் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். அதற்கும் முந்தைய 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களில் சர்வே எண் இல்லாமல் பைமாஷ் எண்ணும் (சர்வேக்கு முந்தைய நில அளவைக் கணக்கின் எண்) நான்கெல்லையும் மட்டுமே வரலாம். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டுத் தேடத் தொடங்கினால் கட்டணம் வீணாகாது.

இரண்டாவது சிக்கல் ஊர்ப் பெயர். ஒரே பெயரில் முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று பகுதிகளாகப் பிரிந்த கிராமங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் உண்டு. எந்தச் சேத்தி என்று தெரியாமல் போட்டால் ‘பதிவுகள் இல்லை’ என்றே வரும். மூன்றாவது, மாவட்டம். பழைய பத்திரம் எல்லாவற்றிலும் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றுதான் இருக்கும். நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் மயிலாடுதுறை 2020-இலும்தான் தனி மாவட்டங்களாயின. பதிவுத்துறையின் மாவட்டக் கணக்கு வருவாய் மாவட்டத்தோடு ஒத்துப்போவதும் இல்லை. கும்பகோணமும் பட்டுக்கோட்டையும் தனிப் பதிவு மாவட்டங்கள். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. ஊர் இன்று ஓர் அலுவலகத்தில் இருக்கும், 1930-இல் வேறோர் அலுவலகத்தில் இருந்திருக்கும். ‘இந்தக் கிராமம் எந்த ஆண்டிலிருந்து உங்கள் அலுவலகத்தில்?’ என்பதுதான் அங்கே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இணையதளத்தில்

தளம் தமிழிலும் வேலை செய்கிறது. மின்னணுச் சேவைகளில் வில்லங்கச் சான்றுப் பகுதிக்குப் போய் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைத் தர வேண்டும். ஒரே தேடுதலில் பல எண்களைச் சேர்க்கலாம். தாய் எண்ணையும் அதிலிருந்து பிறந்த எல்லா உட்பிரிவுகளையும் சேர்த்தே போடுங்கள். 112/3ஏ2 மட்டும் போட்டால், உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த கிரயம் கண்ணில் படாது. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் ஆவண வாரியாகவும் பார்க்கலாம். இது வேகமான வழி. நகலுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

வருகிற பட்டியலில் எல்லோரும் பார்ப்பது எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களை. குடும்ப வரலாற்றுக்கு அதைவிட முக்கியமான கட்டம் ‘முந்தைய ஆவண எண்’. 1982 கிரயத்தில் அந்தக் கட்டத்தில் 1941-ஆம் ஆண்டு ஆவண எண் ஒன்று இருந்தால், கணினியில் இல்லாத காலத்துக்குள் போக வழி திறந்துவிட்டது. அடுத்துப் பார்க்க வேண்டியது தொகுதி எண்ணும் பக்க எண்ணும். நகல் விண்ணப்பத்தில் இவற்றை எழுதிக் கொடுத்தால் எடுத்துக் கொடுப்பவருக்கு வேலை குறைவு, உங்களுக்குக் காத்திருப்பு குறைவு.

தளத்தின் எல்லை 1975. அதற்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் கணினியில் உள்ளன. முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் கையால்தான் தேட வேண்டும். 1975-க்குப் பிறகு என்றால் பல குடும்பங்களுக்கு அப்பா காலம், மிஞ்சிப்போனால் தாத்தாவின் கடைசி ஆண்டுகள். இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம், தமிழில் இருக்கிறது. இந்த மூன்றுக்காகத் தளத்தைப் பாராட்டலாம். முன்னோரைத் தேடுபவருக்கு அது வாசல்படி வரைதான் கொண்டுவிடும்.

‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பன் செத்து மகனுக்கு வந்த நிலத்துக்குப் பத்திரம் தேவையில்லை. நான்கு தலைமுறை அப்படியே இறங்கியிருந்தால் ஒரு பதிவும் இருக்காது. அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, யாருக்கு எது என்று குறித்த கூர்சீட்டு மட்டும் எழுதி வைத்திருக்கலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்யாமல், நிலத்தை ஒப்படைத்தே முடிக்கலாம். அந்தக் காலத்து 100 ரூபாய் சிறிய தொகையல்ல. சின்னச் சின்ன நிலங்கள் அப்படியே கை மாறியிருக்கின்றன.

அலுவலகத்தில்: பெயரை வைத்துத் தேடுவது

சர்வே எண் கிடைக்காதவர்கள் கைவிட வேண்டியதில்லை. 1908 பதிவுச் சட்டம் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் நான்கு இண்டெக்ஸ் வைக்கச் சொல்கிறது. இரண்டாம் இண்டெக்ஸ் சொத்து வாரியானது. வில்லங்கச் சான்று அதிலிருந்து வருவது. முதல் இண்டெக்ஸ் ஆள் வாரியானது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகளுக்கான ஒன்றாம் புத்தகத்தில் பதிவான பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் எல்லோருடைய பெயரும் எழுத்து வரிசையில் அதில் ஏறியிருக்கும். வெறும் பெயரும் அல்ல. குடியிருக்கும் ஊர், தொழில், பட்டம் இருந்தால் பட்டம், தந்தை பெயர் ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்கிறது சட்டம். தாய் பெயரால் அறியப்படுபவராக இருந்தால் தாய் பெயர். நாட்டியமும் நாகசுரமும் வழிவழியாக வந்த டெல்டாக் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி விதி பெரிய உதவி. அங்கே பல குடும்பங்களில் வம்சம் தாய்வழியில் பத்திரத்தில் இறங்கும்.

ஒன்றாம் புத்தகத்தின் இண்டெக்ஸை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 57-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. விண்ணப்பத்தில் ‘சொத்து வாரியாக அல்ல, பெயர் வாரியாகத் தேட வேண்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். அப்படி எழுதாவிட்டால் பழக்கத்தில் சொத்து வாரியாகவே தேடித் தருவார்கள். கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறுவதால், ‘1900 முதல் 1975 வரை’ என்று கேட்பது பணத்துக்கும் கேடு, தேடுபவர் பொறுமைக்கும் கேடு. குடும்பத்தில் ஒரு திருமணம், ஒரு மரணம், ஒரு வீடு கட்டிய காலம் ஏதாவது ஒன்றைப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு கேளுங்கள். பெண் கல்யாணத்துக்கு முந்தைய ஆண்டில் அடமானமும் தகப்பன் இறந்த மறு ஆண்டில் பாகப்பிரிவினையும் அடிக்கடி கிடைக்கும்.

பெயரின் எழுத்து வேறுபாடுகளை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போக வேண்டும். ஸ்வாமிநாதன், சுவாமிநாதன், சாமிநாதன் மூன்றும் வேறு வேறு எழுத்தின் கீழ் இருக்கும். வைத்தியநாதன் வைத்தினாதனாகவும், மீனாட்சி மீனாக்ஷியாகவும் இருப்பார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரும் பத்திரப் பெயரும் வேறாக இருப்பது டெல்டாவில் சர்வசாதாரணம். பத்திரத்தில் ‘என்கிற’ போட்டு இரண்டையும் எழுதியிருந்தாலும் இண்டெக்ஸில் ஒன்று மட்டும் ஏறியிருக்கலாம்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. எழுதிய தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்தால் போதும் என்பது விதி. 1938 டிசம்பரில் எழுதிய பத்திரம் 1939-ஆம் ஆண்டு எண்ணில் இருக்கலாம். எழுதிய ஆண்டில் இல்லையென்றால் அடுத்த ஆண்டையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். பல ஊர்களில் நிலம் இருந்த குடும்பம் ஒரே பத்திரத்தை ஓர் அலுவலகத்தில் பதிந்து, மற்ற அலுவலகங்களுக்குக் குறிப்பு மட்டும் போயிருக்கும். ஊர் அலுவலகத்தில் கிடைக்காதது தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மாவட்டப் பதிவாளர் அளவில் பதிவாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

போகிற நாள் முக்கியம். முகூர்த்த நாளில் டோக்கன் கூட்டத்தில் உங்கள் பழைய தொகுதியை எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆடி மாதத்தில் பதிவுகள் குறையும். பதினெட்டாம் பெருக்கு நாளை விட்டுவிட்டு ஆடியில் ஒரு வாரநாள் மதியம் போவது சிறந்தது.

உயிலும் பவரும் வேறு கணக்கு. உயில் மூன்றாம் புத்தகம், பொதுவான பவர் போன்றவை நான்காம் புத்தகம். இவற்றை நீங்களே புரட்ட முடியாது, அலுவலர்தான் தேடித் தருவார். எழுதியவர் இறந்துவிட்டால் உயிலின் நகலை யார் விண்ணப்பித்தாலும் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு இறப்புச் சான்று கையில் இருக்க வேண்டும். நான்காம் புத்தகத்துக்கு எழுதிய தரப்பின் பிரதிநிதி என்று காட்ட வேண்டும், வாரிசுச் சான்று கொண்டுபோங்கள். நூற்றாண்டுக்கு முன் இறந்தவருக்கு இந்தச் சான்றுகளைத் தேடுவது கடினம். இந்தச் சேவையில் நிஜமாகவே இடிக்கிற இடம் இதுதான்.

நகலைப் படிப்பது

கையில் வருவது முன்னோர் தொட்ட தாள் அல்ல. பதிவுக்கு வந்த பத்திரத்தை அலுவலக நகலெழுத்தர் கையால் தொகுதியில் எழுதி வைத்தார். அதன் பிரதிதான் உங்களுக்கு வரும். ஆகவே எழுத்துப் பிழை நகலெழுத்தருடையதாக இருக்கலாம். தாத்தாவின் கையெழுத்து என்று பிரேம் போட்டு மாட்டிவிடாதீர்கள். அசல் கையெழுத்து வீட்டுப் பத்திரத்தில்தான் இருக்கும், ரேகை பதிவு அலுவலகத்தின் ரேகைப் பதிவேட்டில் இருக்கும்.

தலைப்பில் தேதி இருக்கும். ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருஷமும் வரும். சில பழைய பத்திரங்களில் தமிழ் வருஷம் மட்டும். அறுபதாண்டுச் சுற்று என்பதால் ‘தாது வருஷம்’ 1876–77 ஆகவும் இருக்கலாம், 1936–37 ஆகவும் இருக்கலாம். தொகுதியின் ஆண்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பசலி ஆண்டு இருந்தால் 590 கூட்டுங்கள். அந்த ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. தொகை ரூபாய், அணா, பையில் இருக்கும்: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரலுக்குப் பிறகுதான் நயா பைசா.

நிலத்தின் அளவு வேலி, மா, குழியில் வரும். தஞ்சைக் கணக்கில் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்பது 33 சென்ட், வேலி என்பது 6 ஏக்கர் 61 சென்ட். ‘ஐந்து மா நஞ்சை’ என்றால் 1 ஏக்கர் 65 சென்ட். ‘காணி’ வந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. வேலியின் பின்னமாக அது 1/80. வேறு வழக்கில் 1 ஏக்கர் 32 சென்ட். பத்திரத்தின் கீழே உள்ள விஸ்தீரணத்தோடு ஒப்பிடாமல் மாற்றினால் குடும்பக் கதையில் இல்லாத மிராசு முளைத்துவிடும்.

இனி உள்ளே உள்ளது. பத்திர வகையைப் பொறுத்துக் கிடைப்பது மாறும். பாகப்பிரிவினைப் பத்திரம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது: ஒரு தலைமுறை முழுவதும் வயதோடு வரிசையில் நிற்கும், மைனர் பிள்ளைகள் கார்டியன் பெயரோடு வருவார்கள், யாருக்கு எந்த வயல், எந்த மாட்டுக் கொட்டகை, எந்தப் பாத்திரம் என்பது வரை சில பத்திரங்களில் இருக்கும். விதவைத் தாய்க்கு வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் ஜீவனாம்சம் என்றும் எழுதியிருக்கும். கலம் என்றால் 12 மரக்கால்.

பெண்களைத் தேடுபவர்கள் விடுதலைப் பத்திரத்தையும் தான செட்டில்மெண்டையும் தனியே கேட்க வேண்டும். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-இல் வந்தது. 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகே தகப்பனின் பங்கில் மகள்களுக்கு உரிமை வந்துவிட்டதால், ‘எனக்குச் சேர வேண்டியதை விடுதலை செய்கிறேன்’ என்று சகோதரிகள் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் உண்டு. அதில் அத்தைமார் எல்லோரும், கட்டிக்கொடுத்த ஊர், கணவர் பெயரோடு இருப்பார்கள். குடும்ப மரத்தில் ‘மகள், பெயர் தெரியவில்லை’ என்று விட்டிருந்த கட்டங்கள் அநேகமாக இங்கேதான் நிறையும்.

அடமானமும் போக்கியமும் ஒத்தியும் காலத்தைச் சொல்லும். கடன் ஏன் என்று ஒரு வரி எழுதுவது வழக்கம்: ‘மூத்த பெண் கலியாணச் செலவுக்காக’, ‘முன் கடனை அடைப்பதற்காக’, ‘சாகுபடிச் செலவுக்காக’. நெல் விலை விழுந்த 1930-களில் முன் கடனை அடைக்க வாங்கிய கடன்கள் சங்கிலியாக வரும். 1938-க்குப் பிந்தைய பத்திரத்தில் ‘4-வது ஆக்டுப்படி’ என்ற சொல் வந்தால், அது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். கடன் குறைக்கப்பட்டு நிலம் தப்பியதா, குறைத்தும் போனதா என்பதை அடுத்த பதிவு சொல்லும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் ஒரே வயல் முந்தைய பத்திரத்தில் புஞ்சையாகவும் பிந்தையதில் நஞ்சையாகவும் வந்தால் குழம்ப வேண்டாம். 1934-இல் மேட்டூர் அணை திறந்த பிறகு கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் அந்த வயலுக்கு ஏறியிருக்கும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களின் தடமும் இதில் உண்டு. ‘தற்போது பினாங்கிலிருக்கும் இன்னார், அவருக்காகப் பவர் ஏஜெண்டான தம்பி இன்னார்’ என்று எழுதியிருந்தால், பவர் எழுதிய தேதியும் இடமும் பத்திரத்திலேயே சொல்லப்பட்டிருக்கும். எந்த ஆண்டில் அவர் எங்கே இருந்தார் என்பதற்குக் கடிதம் கிடைக்காத குடும்பத்துக்கு இதுவே சான்று. ரங்கூன் போனவர்களுக்கும் அப்படியே.

நான்கெல்லையை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டும். ‘கன்னி வாய்க்காலுக்கும் தெற்கு, இன்னார் நஞ்சைக்கும் மேற்கு, ஆதீன நிலத்துக்கும் வடக்கு’ என்ற வரியில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பெயரோடு நிற்கிறார்கள். பக்கத்து வயல்காரர்கள் பங்காளிகளாக இருப்பது வழக்கம். நான்கு பத்திரங்களின் எல்லைகளைப் புல வரைபடத்தின் மேல் வைத்து வரைந்தால் 1920-இல் அந்தத் தெருவில், அந்த வயல்வெளியில் யார் யார் இருந்தார்கள் என்ற படம் எழும்.

கடைசியில் பதிவாளரின் மேற்குறிப்பு. பதிவுக்கு யார், எந்த நாள், எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார், பணம் அலுவலர் முன்னிலையில் எண்ணிக் கொடுக்கப்பட்டதா, முன்பே பெற்றுக்கொண்டதாகச் சொன்னாரா, அடையாளம் காட்டியவர்கள் யார், கையெழுத்தா, கைநாட்டா. எல்லாம் அங்கே இருக்கும். பதிவு நடந்த இடம் அலுவலகம் அல்லாமல் வீடு என்றிருந்தால் கவனியுங்கள். வர முடியாத காரணம் இருந்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அடுத்த சில மாதங்களில் அந்தக் குடும்பத்தில் மரணம் நடந்ததா என்று பாருங்கள்.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

இந்தச் சேவையின் பெரிய குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவர்களின் வாழ்க்கையைத்தான் பதிவுத்துறை எழுதி வைத்தது. டெல்டாவில் பண்ணையாளாக, குத்தகைக்காரராக உழைத்துத் தலைமுறைகளைக் கடந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் முதல் இண்டெக்ஸில் இல்லை. அந்தக் குடும்பங்கள் வில்லங்கச் சான்றுக்குப் பணம் கட்டுவதில் பயனில்லை. நேராக வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும்.

அங்கே கேட்க வேண்டியவை இரண்டு. 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி கிராமவாரியாகத் தயாரித்த குத்தகைதாரர் பதிவேட்டில், சாகுபடி செய்தவர் பெயர், நில உரிமையாளர் பெயர், சர்வே எண், பரப்பு நான்கும் இருக்கும். கோயில் நிலமும் ஆதீன நிலமும் பயிர் செய்தவர்கள் தங்கள் தாத்தாவை இதில் பார்க்கலாம். 1971 குடியிருப்புச் சட்டப்படி, மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனை சொந்தமானது. அந்தப் பட்டாதான் பல குடும்பங்களில் முன்னோர் பெயரில் அரசு கொடுத்த முதல் காகிதம். தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் கீழ் வழக்கு நடந்த குடும்பங்களில் தீர்ப்பு நகல் வீட்டிலேயே இருக்கலாம், பெட்டியைத் தேடிப் பாருங்கள்.

1980-இல் கணக்குப்பிள்ளை பதவி ஒழிந்தது. அதற்கு முந்தைய கிராம நிலக் கணக்குகளான அடங்கலும் சிட்டாவும் சில கிராமங்களில் பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அங்கே மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். இனாம் நிலம் (மானியமாகத் தரப்பட்ட நிலம்) இருந்த குடும்பங்களுக்கு 1860-களின் இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உண்டு.

காரைக்கால் இந்தத் தளத்தில் வராது. அது புதுச்சேரியின் பதிவுத்துறைக்கு உட்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் பிரெஞ்சு மொழியில் பதிவானதால், பத்திரத்தைவிட அந்தப் பதிவேடுகளே முதல் வழி. 1881-க்குப் பிறகு சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பெயர் தெரியாமல் பின்னோக்கிப் போக முடியாது.

யாருக்கு எது

சர்வே எண் கையில் உள்ளவர், 1975-க்குப் பிந்தைய கைமாற்றம் தெரிய வேண்டியவர் இணையதளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முழு மதிப்பெண். கொள்ளுத்தாத்தாவைத் தேடுபவர் தளத்திலிருந்து ‘முந்தைய ஆவண எண்’ணை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் போகட்டும். பணம் குறைவாக இருந்தால் நீண்ட கால வில்லங்கச் சான்றை விட்டுவிட்டு, ஒரே ஒரு பாகப்பிரிவினையின் நகலை வாங்குங்கள். இடையில் ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்பவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் இரண்டு மூன்று நகல் வாங்கலாம். விண்ணப்பத்தை நீங்களே எழுத முடியும், ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும்.

துறையிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 1864 பதிவுச் சட்டத்திலிருந்து தொடங்கும் வரிசை இது. சொத்து வாரியான இரண்டாம் இண்டெக்ஸ் கணினிக்கு ஏறியதைப் போல, 1975-க்கு முந்தைய முதல் இண்டெக்ஸையும் படம் பிடித்துப் பெயர் வாரியாகத் தேட வசதி செய்ய வேண்டும். டெல்டாவின் ஈரக்காற்றிலும் வெள்ளத்திலும் அந்தத் தாள்கள் ஒவ்வோர் ஐப்பசியையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஓரம் பொடிந்த தொகுதியில் முதலில் போவது பக்கத்தின் விளிம்பு. அங்கேதான் ஆவண எண்ணும் எழுதிக்கொடுத்தவர் பெயரும் இருக்கின்றன.